கரண்டிவாயன் சாப்பிடும் இடம்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் ஐயா அவர்களே, மைக்செட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட தம்பி அவர்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகத் துண்டு போர்த்தினீர்கள், நாளைக்கே ஏரிக்கரைக்கு எடுத்துப்போக உதவும், நன்றி.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு வேடந்தாங்கல் போனது. இரண்டு, வழியில் பார்க்க வேண்டிய இடங்கள். மூன்று, பைனாகுலர் வாங்குவது எப்படி. எங்கள் அம்மா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்கள், ‘தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே’ என்று. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சும்மா சொல்லவில்லை. கொளவாய் ஏரியை ரயிலிலிருந்தே பார்க்கலாம். மதுராந்தகம் போனால் ஏரி காத்த ராமர். கரை உடையப் போகிறது என்ற மழை ராத்திரியில், வில்லோடு இரண்டு பேர் காவல் நின்றதைக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரை பார்த்தார் என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதே பிளேஸ் துரைதான் 1798 வாக்கில் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்களுக்கு உரிமை எழுதிக் கொடுத்தவர். கேட்டு வாங்கியது விவசாயிகள், அதைக் கவனிக்க வேண்டும். பறவை எச்சம் விழுந்த தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்கு வேறு உரம் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. அரசாங்கம் அதைச் சரணாலயமாக அறிவித்தது 1936-இல்தான். 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. சந்தோஷம்தான்.

சரி, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். படாளம் கூட்டுரோட்டில் டீ குடித்துவிட்டு உள்ளே திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம், சாலையோரம் ஒரு சின்ன ஏரி, பலகை கிடையாது, டிக்கெட் கிடையாது, முழங்கால் அளவுத் தண்ணீர். “தாத்தா, நிறுத்துங்க” என்றாள் பேத்தி. பார்த்தால் பதினேழு கரண்டிவாயன், அதுதான் கரண்டி மாதிரி அலகு உள்ள பறவை. அலகைத் தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே வரிசையாக நடக்கின்றன, அம்மாக்கள் பாயசம் கிண்டுகிற மாதிரி. கரைப்பக்கம் நத்தைகுத்தி நாரை, இரண்டு மஞ்சள் மூக்கு நாரை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆயா வந்து, “எங்கப்பா போறீங்க?” என்று கேட்டார். வேடந்தாங்கலுக்கு, பறவை பார்க்க என்றோம். “அங்க அது கூடு கட்டும், ராத்திரி படுக்கும். சோறு துன்றது இங்கதான்” என்றார். நான் முப்பது வருஷம் பாடம் நடத்தியவன், இவ்வளவு தெளிவாக இதைச் சொன்னதில்லை.

அதோடு முடியவில்லை. ஒரு டிராக்டர் வருகிறது, பெட்டி நிறைய எச்சில் இலையும் பிளாஸ்டிக் டம்ளரும், ஏதோ கல்யாண வீட்டுக் குப்பை. கரையில் ஏற்றிப் பின்பக்கமாக எடுக்கிறான் டிரைவர். ஆயா ஒன்றும் பேசவில்லை, நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார், இருபது இருபத்தைந்து ஆடும் ஓடிவந்து டிராக்டருக்குப் பின்னால் பாதை முழுக்க நின்றுவிட்டன. அவன் ஹாரன் அடிக்கிறான், ஆடு அசையவில்லை. “ஏய் கெழவி, ஓட்டு” என்கிறான். ஆயா நிதானமாகக் கேட்டார்: “உங்க ஆத்தா சோறாக்குற எடத்துல இதைக் கொட்டுவியாடா? இது அதுங்களுக்கு அடுப்படிடா!” அவன் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் வண்டியை இறக்கிக்கொண்டு போய்விட்டான். பேத்தி கைதட்டினாள், கரண்டிவாயன் எல்லாம் பறந்துவிட்டன, ஆயா அவளைப் பார்த்து “சத்தம் போடாத கண்ணு, வந்துரும்” என்றார். கால்மணி நேரத்தில் வந்துவிட்டன.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே!

சாயங்காலம் வேடந்தாங்கலில் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாவும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் வந்து இறங்கிய அழகை இன்னொரு நாள் சொல்கிறேன். ஆனால் அங்கே பார்வைக் கோபுரத்தின் மேலே நின்றபோது எனக்கு ஒரே யோசனை, இத்தனை ஆயிரம் வாயும் காலையில் எங்கே போய்ச் சாப்பிட்டு வந்தன? வேடந்தாங்கல் ஏரி மொத்தமே முப்பது ஹெக்டேர். சுற்றியிருக்கிற ஊர் ஏரியும் நெல்வயலும்தான் சோறு போடுகின்றன. அந்த ஏரிகளுக்கு வேலியும் இல்லை, காவலும் இல்லை.

நம் ஊர்ப் பெரிய ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து சித்தேரிக்குப் போகும், அங்கே வழிந்தால் அடுத்த ஊருக்கு. நடுவில் வரத்துக்கால், அதாவது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய், அடைந்தால் கீழே உள்ள எல்லா ஏரியும் காயும். நம் வரத்துக்காலை நேற்று நடந்து பார்த்தேன், வேலிகாத்தான் முள் மண்டி, இரண்டு இடத்தில் கட்டடக் கழிவு கொட்டி, ஓரிடத்தில் கால்வாயே தெரியவில்லை. இன்னொன்று, சவுடு மண் எடுக்கிறேன் என்று ஏரிக்குள் கிணறு மாதிரி தோண்டுகிறார்கள். தண்ணீர் நிற்கும், சரி, ஆனால் கரண்டிவாயன் முக்குளிக்கிற பறவை இல்லை, அதற்குக் கால் ஊன்றி நடக்கச் சரிவான ஆழமில்லாத கரை வேண்டும். தூர்வாருங்கள், சரிவை விட்டு வாருங்கள்.

ஊராட்சித் தலைவர் ஐயாவிடம் மேடையிலேயே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜனவரி 26 கிராமசபையில் இரண்டு தீர்மானம் வேண்டும்: தை முடிவதற்குள் வரத்துக்காலை அளந்து கல் நட வேண்டும், ஏரிக்கரையில் குப்பை கொட்டினால் அபராதம். ஐயா தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்! தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே.

பைனாகுலர் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் கூட்டம் முடிந்து என்னைப் பாருங்கள், நேரமாகிவிட்டது, கடைசி பஸ்ஸும் இருக்கிறது. வாசலில் நோட்டு வைத்திருக்கிறேன், அதுதான் மனு. பெயரும் தெருவும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சித்தேரி மதகில் கூடுகிறோம், பறவை எண்ணுகிறவர்கள் நோட்டு கொண்டு வாருங்கள், முள் வெட்டுகிறவர்கள் அரிவாள் கொண்டு வாருங்கள்.