அரணிக்கட்டையில் நிஜமாகவே தீ வருமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை விடவே மாட்டேங்குது. படிக்கிறேன், கேளுங்க. "ஐயா, யாகத்துல அரணிக்கட்டையைக் கடைஞ்சு தீ எடுக்கறதா சொல்றீங்க. நிஜமாவே வருமா, இல்ல அடியில கற்பூரம் ஏதாவது மறைச்சு வெச்சிருப்பாங்களா? அதுக்கு ஏன் அரசமரமும் வன்னிமரமும்தான் வேணும்?"

கற்பூரம்னு கேட்டீங்க பாருங்க, ரொம்ப ரசிச்சேன்.

வரும்ங்க. கற்பூரமெல்லாம் வேண்டாம். கீழ் அரணிங்கறது ஒரு பலகை, அதுல சின்னக் குழி. மேல கடைகோல். அதோட அடியில மேல் அரணியிலேருந்து செதுக்கின முளையைச் செருகியிருக்கும். ஒருத்தர் மேலேருந்து அழுத்திப் பிடிக்கணும், இன்னொருத்தர் கயித்தைச் சுத்தி மாத்தி மாத்தி இழுக்கணும். தயிர் கடையற அதே வேலைதான். கொஞ்ச நேரத்துல புகை வரும். ஆச்சுடான்னு அங்கேயே நிறுத்தினா போச்சு! குழியில மரத்தூள் சேருது இல்லையா, அது பழுப்பாகி, கறுப்பாகணும். கயித்தை விட்ட பிறகும் அந்தத் தூள் தானாப் புகைஞ்சா, அப்பத்தான் உள்ளே கங்கு பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அதை நார்ல ஏந்தி, பதமா ஊதணும். பலமா ஊதினா தூள் பறந்துடும், பழையபடி முதல்லேருந்து கடையணும். 1975-ல கேரளாவுல பாஞ்ஞாள்ங்கற ஊர்ல அதிராத்ர யாகம் நடந்தது. ஃப்ரிட்ஸ் ஸ்டால்ங்கற ஆராய்ச்சியாளர் ஏற்பாட்டுல அதைப் படமே பிடிச்சிருக்காங்க. அங்கேயும் தீ இப்படித்தான் வந்தது.

சரி, மரம். நான் எப்பவும் சொல்றதைத்தான் சொல்லப்போறேன், பழைய ஆளுங்க சிரிக்காதீங்க: கதைக்குள்ளயே செய்முறை இருக்கு. சதபத பிராமணம்ங்கற வேத நூல்ல புரூரவஸ்ங்கற ராஜாவோட கதை வருது. ஊர்வசி அவனை விட்டுட்டுப் போயிட்டா. கந்தர்வர்கள் இவனுக்கு ஒரு சட்டியில நெருப்பு கொடுக்கறாங்க. இவன் அதைக் காட்டுலயே வெச்சுட்டு, மகனை மட்டும் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போறான். திரும்பி வந்து பார்த்தா நெருப்பு அரசமரமாயிடுச்சு, சட்டி வன்னிமரமாயிடுச்சு! என்ன பண்றதுன்னு கந்தர்வர்கள்கிட்டயே போய்க் கேக்கறான். மேல் அரணியை அரசுலயும் கீழ் அரணியை வன்னியிலயும் செய்னு சொல்றாங்க. சொல்லிட்டு, அது வேண்டாம், ரெண்டையுமே அரசுலயே செய்னு மாத்தறாங்க.

இந்த மாத்தற இடம்தான் எனக்குப் பிடிச்ச இடம். வன்னி கெட்டி மரம், சுலபத்துல தூளாகாது. அரசு மெத்துனு இருக்கும், காய்ஞ்சா நல்லாத் தூள் கொடுக்கும். கடைஞ்சு பார்த்துக் கை நொந்த எவனோ ஒருத்தனுக்காகத்தான் கதையே திருத்தப்பட்டிருக்குன்னு நான் நினைக்கிறேன். இது என் ஊகம், சண்டைக்கு வராதீங்க. ஆனா வன்னியையும் முழுசா விட்டுடலை. வன்னிமரத்து மேல முளைச்ச அரசுதான் அரணிக்கு உத்தமம்னு வெச்சாங்க. பறவை போட்ட விதை, இன்னொரு மரத்துப் பொந்துல அரசாகிறதை நீங்களே பார்த்திருப்பீங்க.

இன்னொண்ணு. மகாபாரதம் அனுசாசன பர்வத்துல அக்னி, தேவர்கள் கண்ணுல படாம ஒளியறான். அரசமரத்துக்குள்ள இருக்கான்னு யானை காட்டிக்கொடுக்குது. அங்கேருந்து வன்னிக்குள்ள போனா, கிளி காட்டிக்கொடுக்குது. பாருங்க, அதே ரெண்டு மரம். நியூசிலாந்து மாவோரி மக்கள்கிட்டயும் இந்த ஜாடையில ஒரு கதை. நெருப்புக் கிழவி மஹுயிக்காவோட நகம் ஒவ்வொண்ணும் நெருப்பு. மாவிங்கற வீரன் ஏமாத்தி ஒண்ணொண்ணா வாங்கிடறான். மிச்சத்தை அவ மரங்கள் மேல வீசறா. அதுல ஒண்ணு கைக்கோமாக்கோ. அவங்க அந்தக் காலத்துல தேய்ச்சுத் தீ எடுத்ததும் அந்த மரத்துலதான். எந்த மரத்தை வெட்டணும்னு கதை கேட்ட பிள்ளைக்குத் தெரிஞ்சுடுது.

ஆனா நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. அந்தக் கட்டை தொலைஞ்சா என்ன ஆகும்? மகாபாரதத்துல யட்சன் தருமனைக் கேள்வி கேக்கற யட்சப் பிரச்னம் எங்கே ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறீங்க? ஒரு பிராமணர் மரத்துல மாட்டி வெச்சிருந்த அரணியும் கடைகோலும் மான் கொம்புல சிக்கிக்குது, மான் ஓடிடுது. பாண்டவர்கள் துரத்தறாங்க, தாகம், குளம், தம்பிங்க நாலு பேரும் விழறாங்க. கடைசியில, யட்சன் வரம் கேளுன்னதும் தருமன் முதல்ல கேக்கறது அந்த பிராமணரோட அரணியைத்தான்.

இதெல்லாம் வேதக்காரங்க சமாச்சாரம், நமக்கென்னன்னு யாராவது சொல்வீங்க. புறநானூறு 315-ஐ எடுத்துப் பாருங்க. ஔவையார் அதியமானைச் சொல்றாங்க: வீட்டு இறவாரத்துல செருகி வெச்ச ஞெலிகோல், அதாவது தீக்கடைகோல் மாதிரி இருக்கறதே தெரியாம இருப்பான், தோன்றணும்னு நினைச்சா அது கக்கற தீ மாதிரித் தோன்றுவான். கூரையில செருகி வெச்சிருக்காங்க, பாருங்க. கைக்கு எட்டற சாமான் அது. பெரும்பாணாற்றுப்படையில ஒரு இடையன் ஞெலிகோல் கடைஞ்சு, அந்தத் தீயாலயே குழலுக்குத் துளை போடறான். யாகமும் இல்ல, மந்திரமும் இல்ல, மாடு மேய்க்கிற இடத்துல ஒரு பாட்டு வேணும், அவ்வளவுதான்.

அப்பர் 'விறகில் தீயினன்'னு பாடினது பாக்கி இருக்கு. அதுல கயிறு, கோல், கடையறது எல்லாமே வரும். அதைப் பத்தி யாராவது கேள்வி அனுப்புங்களேன், எனக்குப் பேச ஒரு சாக்கு வேணும்.