காத்து முதல்லயா, மின்புலம் முதல்லயா?

அடுத்த கேள்வி. “மேல்வளிமண்டலத்துல காத்து மின்புலத்தை உண்டாக்குதுன்னீங்க, அந்த மின்புலமே திரும்பக் காத்தையும் மாத்துதுன்னீங்க. அப்ப கம்ப்யூட்டர் மாடல்ல எதை முதல்ல கணக்குப் போடுவாங்க?” சரியான இடத்துல புடிச்சிருக்கீங்க.

100, 120 கிலோமீட்டர் உயரத்துல காத்து ரொம்ப மெலிசு. ஆனாலும் அயனிகளை (எலக்ட்ரானை இழந்து மின்னூட்டம் ஏறின அணு, மூலக்கூறுகளை) மோதி மோதித் தள்ளிக்கிட்டுப் போகும். எலக்ட்ரான் அப்படி அசையாது, பூமியோட காந்தக் கோட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கும். ஒண்ணு போகுது, இன்னொண்ணு நிக்குது, மின்னோட்டம் வந்தாச்சு. அது சீரா ஓட வழியில்லாத இடத்துல மின்னூட்டம் தேங்கும், மின்புலம் பிறக்கும். ஸ்காட்லாந்து இயற்பியலாளர் பால்ஃபர் ஸ்டூவர்ட் 1882-லயே இந்த டைனமோ யோசனையைச் சொல்லிட்டாரு, அயனிகளும் எலக்ட்ரான்களும் நிறைஞ்ச இந்த அயனி மண்டலம்னு ஒண்ணு இருக்குன்னு நிரூபிக்கிறதுக்கு முன்னாடியே! (துருவப் பக்கம் கதை வேற, அங்க சூரியக் காத்து, அதாவது சூரியன்லருந்து வர்ற மின்துகள் ஓட்டம், மேலேருந்து மின்புலத்தைத் திணிக்குது.)

இந்த மின்புலம் காந்தக் கோடு வழியா 300 கிலோமீட்டருக்கும் ஏறும். காந்த நடுக்கோட்டுல பகல்ல அயனியையும் எலக்ட்ரானையும் சேத்து மேல தூக்கும். அயனி இடம் மாறினா காத்துக்கு உராய்வும் மாறும்.

மாடல்ல எது முதல்ல? நேரத்தைத் துண்டு துண்டா வெட்டிக்குவாங்க. இந்தத் துண்டுல இருக்கிற காத்தை வச்சு மின்புலம், அதை வச்சு அடுத்த துண்டுக்கான அயனியும் காத்தும். அமெரிக்காவோட தேசிய வளிமண்டல ஆய்வு மையத்துல உருவான, 1992-ல வெளிவந்த டை-ஜிசிஎம் மாடல் இப்படித்தான் போகுது. அதுக்கு முந்தின வடிவத்துல மின்புலத்தை வெளியிலருந்து கொடுத்துட்டாங்க, காத்து என்ன ஆனாலும் அது அசையாது.

எனக்குப் புடிச்ச தந்திரம் ஒண்ணு இதுல இருக்கு. காந்தக் கோடு நெடுக எலக்ட்ரான் தடையில்லாம ஓடுறதால, ஒரு கோடு முழுக்க கிட்டத்தட்ட ஒரே மின்னழுத்தம். கோட்டுக்கு ஒரு எண் கண்டுபுடிச்சா போதும், முப்பரிமாணக் கணக்கு இருபரிமாணமா சுருங்கிடுது. ஆனா காத்தைக் கணக்குப் போடுறது அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்கள்ல, மின்புலத்தைக் காந்தக் கோட்டை ஒட்டின கட்டங்கள்ல. ஒவ்வொரு துண்டுக்கும் இங்கருந்து அங்க மாத்தணும்.

துண்டைப் பொடிசாக்கினா விடை சரியாயிடுமான்னா, ஆகாது. இந்த மாடலோட தரை, அதாவது கீழ் எல்லை, 97 கிலோமீட்டர்ல இருக்கு. அதுக்குக் கீழ சூரிய வெப்பத்தால கிளம்பி ஏறி வர்ற அலைகளை நாமதான் கொடுக்கணும். அது பிசகினா காத்து பிசகும், மின்புலமும் பிசகும். 2019-ல போன நாசாவோட ஐகான் செயற்கைக்கோள் ஒரே காந்தக் கோட்டுல கீழ வீசுற காத்தையும் மேல நடக்குற அயனி நகர்வையும் சேத்து அளந்துச்சு. கீழ காத்து மாற மாற, மேல நகர்வும் கூடவே மாறிச்சு.