ஏரியில் காலி இடம் எதற்கு?

[காட்சி: மழைக்கு முன் அல்சூர் ஏரி]

பெங்களூருக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், மேடும் சரிவுமாக அமைந்த இந்த ஊரில், பெய்யும் மழையை ஓர் ஏரி தேக்கிக்கொண்டு, மிஞ்சியதைக் கலங்கல் (ஏரி நிரம்பியதும் நீர் வழிந்தோடும் தாழ்வான சுவர்) வழியாகத் தாழ்வான அடுத்த ஏரிக்கு அனுப்பும்படி முன்னோர் தொடர் ஏரிகளை வெட்டினர். அல்சூர் ஏரியில் மிஞ்சும் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து, தென்பெண்ணையில் கலந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வந்து சேர்கிறது.

[காட்சி: மழைநீர்க் கணக்கு]

கூரையும் சாலையுமாக ஒரு ஹெக்டேர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 5 லட்சம் லிட்டர். மண் தரையாக இருந்தால் அதில் ஒரு பகுதி ஊறிவிடும். சிமெண்டும் தாரும் மூடிய தெருக்களிலிருந்து ஏறக்குறைய முழுவதும் உடனே ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய்க்கு ஓடுகிறது. இந்த வேகத்தைத் தணிப்பதே ஏரியின் முதல் வேலை. நீர் அங்கே தங்கும் நேரத்தில் மண்ணும், மண்ணோடு ஒட்டிவரும் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் துகள்களும் அடியில் படிகின்றன.

இதற்கு ஏரியில் காலி இடம் இருக்க வேண்டும். முன்பு கோடையில் நீர் வற்றியதால் அந்த இடம் தானாகவே கிடைத்தது. இன்று பல ஏரிகளைக் கழிவுநீர் ஆண்டு முழுவதும் நிரப்பி வைத்திருக்கிறது. பாசனம் நின்றபின், அடிமட்டத்திலிருந்து நீரைத் திறந்துவிடும் மதகுகளும் பல இடங்களில் அடைபட்டு, கலங்கல் மட்டுமே எஞ்சியுள்ளது. தளும்பி நிற்கும் ஏரியைப் பார்த்து மகிழ்வது இயல்புதான் என்றாலும், செப்டம்பர் மாதப் பெருமழையை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பகுதி மூழ்கியபோது ஏரிகள் நிரம்பி வழிந்தன. நகரின் வடக்கே உள்ள ஜக்கூரில் சுத்திகரித்த கழிவுநீரைக் கோரைகள் வளர்ந்த ஈரநிலத்தின் வழியே வடிய விட்டு ஏரியில் சேர்க்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் எவ்வளவு தூய்மையான நீரானாலும், பருவமழைக்கு முன்பே மதகைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்துவது இன்றியமையாதது என்பதே எங்கள் உறுதியான கருத்து.

[காட்சி: கால்வாய் ஏரிக்குள் நுழையும் இடம்]

பராமரிப்பில் முதலிடம் வண்டலுக்கு. ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி வண்டல் படிந்தால், சுமார் 12 லட்சம் லிட்டர் கொள்ளளவு பறிபோகிறது. ஆகவே நீர் நுழையும் வாயிலிலேயே ஒரு சிறு குட்டை அமைத்து, வண்டலை அங்கே படியவைத்து, கோடைதோறும் அள்ளிவிட்டால், முழு ஏரியையும் தூர்வாரும் பெருஞ்செலவு பல ஆண்டுகள் தள்ளிப்போகும். ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையிலேயே குவிப்பது வீண்வேலை, ஏனெனில் அது அழுகும்போது வெளியாகும் சத்துகள் மழையோடு மீண்டும் ஏரிக்கே திரும்புகின்றன. குப்பை தடுக்கும் கம்பி வலைகளை ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் துப்புரவு செய்ய வேண்டும்.

[காட்சி: கரையின் வெளிப்புறச் சரிவு]

கரையில் புல் வளரட்டும். மரம் வேண்டாம், பட்டுப்போன வேர்களின் தடத்தில் நீர் வழி கண்டுபிடித்துவிடும். மழைக்காலத்தில் நடைப்பயிற்சிக்குச் செல்பவர்கள் கரையின் வெளிப்புற அடிவாரத்தையும் பார்க்க வேண்டும். அங்கே கசியும் நீர் தெளிவாக இருந்தால் தொடர்ந்து கண்காணிக்கலாம். மண் கலந்து கலங்கி வந்தால், கரையின் மண் உள்ளே அரிக்கப்படுகிறது என்று பொருள், அன்றைக்கே மாநகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும்.