பழைய கன்சோல் கேம்களில் மெருகு அதிகமா?

நேயர்களுக்கு வணக்கம். கேம் ஆடுவதற்கென்றே உள்ள பெட்டிதான் கன்சோல். கன்சோல் கேம்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு குறை காதில் விழும். "அந்தக் காலத்து கேம் செருகியதும் ஓடும். இப்போது டிஸ்க் வாங்கி வந்தாலும் முதலில் டவுன்லோடு, அப்புறம் பேட்ச், அதற்கு அப்புறமும் பக்." பக் என்றால் கேமில் உள்ள பிழை, பேட்ச் என்றால் அதை இணையம் வழியாகத் திருத்தும் கோப்பு. இந்தக் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் இன்றைய பேச்சு.

1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த 40 கிலோபைட்டும் தொழிற்சாலையில் சிப் செய்யும்போதே அதற்குள் பதிந்துவிடும். பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பெரிய தவறு தெரிந்தால் சிப்பையே புதிதாக அடிக்க வேண்டும். செலவு லட்சக்கணக்கான பிரதிகளுக்கு. அதனால் சோதனை முழுவதும் தொழிற்சாலைக்குப் போவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். கேமும் சிறியது. ஒரு சின்னக் குழு அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்துவிடலாம்.

அப்படியானால் பழைய கேம்களில் பிழையே இல்லையா? ஏராளமாக இருந்தன. எனக்கு மிகவும் பிடித்த பிழை ஒன்று. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அன்றைய கேம் எப்படிக் கட்டப்பட்டது என்பது முழுவதும் இதில் தெரிகிறது.

நிண்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான கேம் பாயில் போக்கிமான் ரெட், ப்ளூ. போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் கேம்கள். அமெரிக்காவில் 1998-ல் வந்தவை. விரிடியன் நகரத்தில் ஒரு கிழவர், போக்கிமானை எப்படிப் பிடிப்பது என்று ஆடிக் காட்டுவார். அந்த நேரத்தில் திரையில் உங்கள் பெயருக்குப் பதில் அவர் பெயர் வர வேண்டும். உங்கள் பெயரைத் தற்காலிகமாக எங்கேயாவது வைக்க வேண்டுமே? நினைவகமோ மிகக் குறைவு. இந்த ஊரில்தான் காட்டுப் போக்கிமான் கிடையாதே என்று, காட்டுப் போக்கிமான் பட்டியல் இருக்கும் இடத்தில் அந்தப் பெயரை எழுதிவிட்டார்கள். அடுத்து காட்டுப் போக்கிமான் வரும் புல்வெளிப் பகுதிக்குள் நுழைந்ததும் புதுப் பட்டியல் அதன்மேல் எழுதப்படும். பெயர் அழிந்துவிடும். சிக்கனமான யோசனைதான்.

ஆனால் கிழவரைப் பார்த்த கையோடு நேராகச் சின்னபார் தீவுக்குப் பறந்து போனால்? அங்கேயும் புல்வெளி இல்லை. பெயர் அழியாமல் அப்படியே கிடக்கிறது. தீவின் கிழக்குக் கரையோரத்தில் ஒரு பட்டை. பார்வைக்கு அது கரை, நீந்திப் போகலாம், ஆனால் கேம் அங்கே புல்வெளிப் பட்டியலைப் படிக்கிறது. அதாவது உங்கள் பெயரின் எழுத்துகளைப் போக்கிமான் எண்களாகவும் அவற்றின் நிலைகளாகவும் படிக்கிறது. அந்த எண்ணுக்குப் போக்கிமானே இல்லையென்றால் 'மிஸ்ஸிங்நோ' என்று ஒரு சிதைந்த உருவம் எதிரே வந்து நிற்கும். அதைக் கண்டதாக கேம் குறித்துக்கொள்ளும்போது, குறிப்பு தவறான இடத்தில் போய் விழுகிறது. பையில் ஆறாவதாக வைத்த பொருளின் எண்ணிக்கை 128 கூடிவிடுகிறது!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பிழை, கேம் சிப் உள்ள அந்தக் கார்ட்ரிட்ஜில் இன்றும் இருக்கிறது. யாராலும் திருத்த முடியாது. நேயர்களே, பழைய கேம் செருகியதும் ஓடியது உண்மை. அதில் இருந்த பிழையும் கூடவே நிரந்தரமாக ஓடியது. நாம் மறந்துபோனவையும் உண்டு. ஒரே வரிசையில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் வந்தால் நிண்டெண்டோவின் பழைய என்.இ.எஸ். பெட்டியில் அவை மினுக்கும். 1998-ன் ஒக்கரினா ஆஃப் டைம் கேம் நொடிக்கு 20 படங்கள்தான் காட்டியது. இன்று ஒரு கேம் 20 படத்தில் ஓடினால் சும்மா விடுவோமா?

இனி நியாயமான பாதி. 2005, 2006-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3 தலைமுறையில் பேட்ச் என்பது சாதாரணமாகிவிட்டது. டிஸ்க் அச்சுக்குப் போன பிறகும் வெளியீட்டு நாள்வரை சில வாரங்கள் இருக்கும். அந்த வாரங்களில் திருத்தியதெல்லாம் முதல் நாள் பேட்சாக வரும். இதுவரை தவறில்லை. ஆனால் "பிறகு திருத்திக்கொள்ளலாம்" என்ற வசதி வந்ததும் வெளியீட்டுத் தேதி இறுகிவிட்டது. வேலை முடிவது தள்ளிப்போனது.

2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077 இதற்குப் பெரிய சாட்சி. அது 2013-ன் கன்சோல்களான பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கும் வந்தது. அவற்றில் இருப்பது மெதுவாகத் தகவல் தரும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். நகரத்தில் வேகமாகக் காரோட்டினால், அடுத்த தெருவின் தகவல் டிஸ்க்கிலிருந்து வந்து சேரும் முன்பே நீங்கள் அங்கே போய்விடுவீர்கள். சுவர்கள் மங்கலாகத் தெரியும், ஆட்கள் திடீரென்று முளைப்பார்கள், கடைசியில் கேமே நின்றுபோகும். பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி அந்த கேமைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்தது. 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பு நல்ல கேம். பழைய கன்சோல்களுக்கு மட்டும் அந்தப் பதிப்பு வரவே இல்லை.

ஆகவே என் முடிவு இது: வெளியீட்டு நாளன்று ஒப்பிட்டால் பழைய கேம்களில் மெருகு அதிகம். ஓராண்டு கழித்து ஒப்பிட்டால் பல புதிய கேம்கள் முந்திவிடும். கேம் பெரிதாகிவிட்டதால் இனி மெருகு சாத்தியமில்லை என்பதை நான் ஏற்கவில்லை. 2023-ல் வந்த டியர்ஸ் ஆஃப் த கிங்டம் கேமில் பலகை, சக்கரம், விசிறி என்று கிடைப்பதையெல்லாம் ஒட்டி வண்டி செய்யலாம். எத்தனை விதமாக ஒட்டலாம் என்று யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது. ஆனாலும் அது முதல் நாளே உறுதியாக நின்றது. 2022-ல் வெளியிடுவதாக இருந்ததைத் தள்ளிப்போட்டு, அந்தக் கூடுதல் காலத்தை மெருகேற்றவே செலவிட்டார்கள். நேரம் கொடுத்தால் மெருகு வருகிறது.

நேரம் முடியப்போகிறது என்று இங்கே சைகை வருகிறது. வாங்குபவர்களுக்காகச் சொல்ல நினைத்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரத்திலேயே வாங்காதீர்கள், இரண்டு மூன்று பேட்ச் வரட்டும். பிளேஸ்டேஷனில் கேம் படத்தின் மேல் ஆப்ஷன்ஸ் பொத்தானையும், நிண்டெண்டோ ஸ்விட்சில் பிளஸ் பொத்தானையும் அழுத்தினால் எந்தப் பதிப்பு என்று தெரியும். கேம் தானாகச் சேமிப்பதை மட்டும் நம்பாமல், கேம் அனுமதித்தால் இரண்டு மூன்று தனி சேவ் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். டிஸ்க்கில் உள்ள பதிப்பு எவ்வளவு முழுமையானது என்று பார்க்க, இணையத்தைத் துண்டித்துவிட்டு நிறுவிப் பாருங்கள். பேட்ச் தரும் சர்வர் ஒருநாள் நின்றால் அந்த டிஸ்க்கில் உங்களுக்கு மிஞ்சுவது அந்தப் பதிப்புதான். வணக்கம்.