சித்தம்பூண்டிக் கல்லும் நிலாவும்

(நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

என் கையில் ஒரு கல் இருக்கிறது. முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். வெள்ளையும் சாம்பலும் கலந்த கல். உங்களில் பலர் வீட்டுப் பக்கத்தில் இதே மாதிரிக் கல்லைக் காலால் எத்தியிருப்பீர்கள். சித்தம்பூண்டி, குன்னமலை என்ற ஊர்களை உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் கல்தான் இது. பெயர் அனார்த்தோசைட். கொஞ்சம் பல்லை உடைக்கும் பெயர், ரெண்டு தடவை சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று உங்களுக்குச் சோறு ஊட்டியிருப்பார்கள். கறுப்பாகத் தெரிகிற அந்தப் பாட்டி, பழைய காலத்தில் எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த பாறை. பாட்டியைச் சுற்றி வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும் மேட்டு நிலம் பெரும்பாலும் அனார்த்தோசைட். அதாவது இப்போது உங்கள் கையில் இருக்கும் கல்லின் இனம்.

இஸ்ரோ நிலாவில் ஒரு லேண்டரை, அதாவது தரையிறங்கும் கலத்தை, இறக்க நினைத்தபோது, இறக்கிப் பழக நிலா மாதிரியே மண் தேவைப்பட்டது. ஆற்று மணல் சரிப்படாது. நிலாவில் காற்று இல்லை, ஓடுகிற தண்ணீர் இல்லை. அதனால் அங்கே மண் துகள் உருண்டு தேயாமல் கூர்கூராக இருக்கும். அப்படி மண் செய்ய ஏற்ற பாறை இங்கே இருக்கிறது என்று காட்டியவர்கள் புவியியல் படித்தவர்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியியல் துறையினர் அதில் முக்கியமானவர்கள். இங்கிருந்து எடுத்த பாறையைச் சேலத்துக் கிரஷர்களில் உடைத்து, அரைத்து, சலித்து, பெங்களூருக்கு அனுப்பினார்கள். சந்திரயான் 2, சந்திரயான் 3 இரண்டுக்கும் இந்த மண்ணில்தான் ஒத்திகை நடந்தது.

நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான். விண்வெளி வேலை என்றதும் வெள்ளைக் கோட்டு, பெரிய திரை, கவுன்ட்டவுன் இவைதான் உங்கள் கண்ணுக்கு வரும். கல்லைப் பார்த்து இனம் சொன்னவர் செய்ததும் விண்வெளி வேலை. கிரஷரில் சரியான அளவுக்கு அரைத்துக் கொடுத்தவர் செய்ததும் அதுதான்.

சரி, மண் வந்துவிட்டது. அதன் மேல் ரோவர் ஓட வேண்டும். ஆறு சக்கர வண்டி, பூமியில் 27 கிலோ. நிலாவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்குதான். அங்கே அது நாலரைக் கிலோ மாதிரி லேசாக நிற்கும். லேசாக நிற்கும் வண்டியின் சக்கரம் மண்ணைப் பிடிக்குமா, வழுக்குமா? அதை இங்கேயே எப்படிப் பார்ப்பது? ஏழாம் வகுப்பு, சொல்லுங்கள் பார்ப்போம். ...ஆமாம், கயிறு கட்டி மேலே தூக்கலாம், நல்ல யோசனை. அவர்கள் ஹீலியம் பலூனைக் கட்டினார்கள். திருவிழாவில் கையை விட்டால் பறந்துபோகிற அதே பலூன் சங்கதி. பலூன் மேலே இழுக்க இழுக்க வண்டியின் பாரம் குறைந்தது. இதைச் செய்தவர்கள் மெக்கானிக்கல் இன்ஜினியர்கள். ஆனால் அந்த யோசனைக்கு வேண்டிய அறிவியல் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

அடுத்தது கம்ப்யூட்டர். நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரம். இங்கிருந்து ரேடியோ சிக்னல் அங்கே போய்ச் சேர ஒன்றே கால் நொடிக்கு மேல் ஆகும், திரும்பி வர இன்னொரு ஒன்றே கால் நொடி. லேண்டர் இறங்கத் தொடங்கும்போது நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகம். "அய்யோ, குழி இருக்கிறது!" என்று அது சொல்லி, "விலகு" என்று நாம் பதில் சொல்வதற்குள் நான்கு கிலோமீட்டருக்கு மேல் தாண்டிவிடும். அதனால் கடைசிப் பத்தொன்பது நிமிடமும் அது தானாகவே படம் பிடித்து, குழியா மேடா என்று பார்த்து, தானாகவே முடிவெடுத்தாக வேண்டும். தன்னந்தனியாகப் போகும் பிள்ளைக்கு வீட்டில் எல்லாவற்றையும் சொல்லி அனுப்புவார்கள் அல்லவா? அப்படி முன்கூட்டியே எல்லாவற்றையும் யோசித்து எழுதி அனுப்புகிற வேலை மென்பொருள் எழுதுபவர்களுடையது. கணக்கு பிடித்தவர்களுக்கு இந்தப் பக்கம் பெரிய கதவு திறந்திருக்கிறது.

இப்போது எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். நாமக்கல் பிள்ளைகளுக்கு டேங்கர் லாரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சமையல் எரிவாயுவை அழுத்தினால் திரவமாகிவிடும், டேங்கரில் ஏற்றிவிடலாம். ஹைட்ரஜன் அப்படி இல்லை. வெறுமனே எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது, மைனஸ் 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். சந்திரயான் 3-ஐத் தூக்கிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட்டின் மேல் அடுக்கில் அந்தத் திரவ ஹைட்ரஜனும், மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனும் இருந்தன. இப்படிக் கடுங்குளிர்த் திரவங்களில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சினை எரித்துச் சோதித்துப் பார்க்கும் இடம் நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. அவ்வளவு குளிரையும் தாங்கி, கசியாமல் நிற்க வேண்டிய டேங்கை யாரோ ஒருவர் வெல்டிங் வைக்கிறார். இன்னொருவர் அந்த வெல்டிங்கைச் சோதிக்கிறார்.

நான் அந்த இரண்டாமவர் மாதிரி. ராக்கெட் டேங்க் நான் பார்த்ததில்லை. இருபத்தெட்டு வருடம் பாய்லர், எரிவாயுக் கலன் இவற்றின் வெல்டிங்கைச் சோதித்தேன். வெல்டிங் வைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்து, உள்ளே ஓட்டையோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு ஃபிலிமில் மயிரிழை போல ஒரு கோடு பார்த்தேன். சாயங்காலம் லாரி காத்திருந்தது. "ஃபிலிமில் கீறலாக இருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த நாள் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றியபோது சரியாக அந்த இடத்தில் பீச்சியடித்தது. நல்லவேளை, தண்ணீர். வாயுவாக இருந்தால் பக்கத்தில் நின்ற மூன்று பேர் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு அப்புறம் எந்த லாரி காத்திருந்தாலும், சந்தேகம் தீராமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அதனால்தான் 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி அதிகாலை சந்திரயான் 2 லேண்டர் விழுந்தபோது, அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் ரொம்பக் கவனித்துப் பார்த்தேன். எங்கே தவறியது என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். ஐந்து எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தள்ளியிருந்தன. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான், தள்ளிப்போய் இறங்க வழியில்லை. சந்திரயான் 3-க்காக ஒவ்வொன்றையும் எடுத்துச் சரி செய்தார்கள். இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆக்கினார்கள். எஞ்சினை நான்காகக் குறைத்தார்கள். கால்களைப் பலப்படுத்தி, நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் விழுந்தாலும் தாங்கும்படி செய்தார்கள். கிரேனில் தொங்கவிட்டும் ஹெலிகாப்டரில் கட்டியும் சோதித்தார்கள். "எது எது கெட்டுப்போகலாம்?" என்று உட்கார்ந்து பட்டியல் போடுவதே அங்கே சிலருக்கு முழுநேர வேலை. வகுப்பில் எப்போதும் "ஆனா சார், அப்படி ஆகலைன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளை ஒன்று இருக்குமே, அந்தப் பிள்ளைக்கு ஏற்ற வேலை.

2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் 640 டன் எடையுள்ள ராக்கெட் கிளம்பியது. பாரம் ஏற்றிய பத்துச் சக்கர லாரிகள் இருபதுக்கு மேல் ஒன்றாகக் கட்டித் தூக்கியதற்குச் சமம். ஆகஸ்ட் 23, மாலை ஆறு மணி தாண்டி நான்கு நிமிடம். விக்ரம் என்ற லேண்டர் நிலாவின் தென்துருவப் பக்கம் இறங்கி நின்றது. எங்கள் தெருவில் டீக்கடை டிவி முன்னால் நின்றவர்களில் நானும் ஒருவன். நான் அழுதேன்.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். பள்ளி முடித்து அவர் முதலில் படித்தது பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. அப்புறம்தான் பி.இ., எம்.இ., முனைவர் பட்டம் எல்லாம். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான நாராயணன் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அவரும் டிப்ளமோ முடித்து 1984-இல் இஸ்ரோவில் வேலைக்குச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே மேலே படித்தவர். 2018 முதல் 2022 வரை தலைவராக இருந்த சிவன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பெண் பிள்ளைகள் கேளுங்கள்: சூரியனைப் பார்க்கப் போன ஆதித்யா எல்1 திட்டத்துக்கு இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. அவர் இன்ஜினியரிங் படித்தது திருநெல்வேலி அரசுக் கல்லூரியில்.

எப்படிப் போவது என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் படித்தவர்களை இஸ்ரோ டெக்னீஷியனாக எடுக்கிறது. டிப்ளமோவுக்குத் தனி வேலை, பட்டப்படிப்புக்குத் தனி வேலை. விண்வெளிக்கென்றே திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது, ஐ.ஐ.எஸ்.டி. என்பார்கள். பிளஸ் டூவுக்குப் பிறகு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதிச் சேர வேண்டும். இப்போது தனியாரும் வந்துவிட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் தொடங்கிய அக்னிகுல் நிறுவனம் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினை வைத்து 2024 மே 30 அன்று ராக்கெட்டைப் பறக்கவிட்டது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் வருகிறது. நீங்கள் படித்து முடிக்கும்போது வேலை நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கும்.

எட்டாம் வகுப்புக்கு மட்டும் ஒரு சேதி. இஸ்ரோ 'யுவிகா' என்று இரண்டு வாரப் பயிற்சி நடத்துகிறது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக. தேர்வு செய்யும்போது எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. விண்ணப்பம் இணையத்தில் வரும். உங்கள் அறிவியல் டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் கவனித்துச் சொல்வார். அவர் மறந்தால் நீங்கள் போய்க் கேளுங்கள்.

கல்லுக்கு மறுபடி வருகிறேன். பிரக்யான் ரோவர் நிலாவில் சுமார் நூறு மீட்டர் ஓடியது. போகிற வழியில் 23 இடங்களில் நின்று மண்ணில் என்ன இருக்கிறது என்று அளந்தது. அந்தக் கருவியைச் செய்தவர்கள் ஆமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வகத்தார். முடிவு அடுத்த ஆண்டு வெளியானது: அந்த மண் பெரும்பாலும் இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகைப் பாறையிலிருந்து வந்தது. இங்கே எந்த இனத்துக் கல்லை அரைத்து ஒத்திகை பார்த்தார்களோ, அங்கே போய் அதே இனத்தின் மேல்தான் வண்டி ஓடியிருக்கிறது.

கேள்வி இருக்கிறதா? அந்தப் பச்சை ரிப்பன் பாப்பா, எழுந்து சத்தமாகக் கேள்.

"நிலா மண்ணு என்ன வாசம் அடிக்கும்?"

அப்போலோவில் போனவர்கள் கலத்துக்குள் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது, உடையில் ஒட்டியிருந்த தூசு வெடித்து முடிந்த வெடிமருந்து மாதிரி மணந்தது என்றார்கள். தீபாவளிக்கு மறுநாள் காலை உங்கள் தெருவில் வருமே, கிட்டத்தட்ட அந்த வாசம். ஏன் அப்படி மணந்தது என்பதை நீ படித்துவிட்டு வந்து எனக்குச் சொல். உன் பெயரை டீச்சரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

கல் எங்கே, கடைசி வரிசைக்கு வந்துவிட்டதா? யாராவது முகர்ந்து பார்த்தீர்களா?