32 கப்பி மீன் குட்டிகளில் 21-ஐ விழுங்கியது யார்?

[காட்சி: வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. நீரின் மேல்மட்டத்தில் கண்ணும் வாலும் மட்டுமாகச் சில குட்டிகள்.]

திங்கட்கிழமை எண்ணினேன்: 32. வெள்ளிக்கிழமை எண்ணினேன்: 11. செத்து மிதந்தது ஒன்றுகூட இல்லை. இந்தப் பெட்டிக்குள் பெரிய மீன் எதையும் நான் விடவில்லை. வீட்டில் பூனையும் கிடையாது. பிறகு யார்? சொல்கிறேன், வீடியோவைத் தள்ளிவிடாமல் பாருங்கள்.

வணக்கம். பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து பேசுகிறேன். திருநெல்வேலி வெயிலில் தொட்டித் தண்ணீர் கஞ்சி போலக் கொதிக்காமல் இருக்கும் ஒரே இடம் இதுதான்.

முதலில் பாடத்தைச் சட்டென்று முடித்துவிடுவோம். கப்பி குட்டி போடும் மீன். ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு பிரசவம். ஆணோடு ஒருமுறை சேர்ந்த பெண், அந்த விந்தை மாதக்கணக்கில் உடலுக்குள் வைத்திருந்து அடுத்தடுத்துக் குட்டி போடும். "ஆண் மீனே வாங்கவில்லையே, இது எப்படி?" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருந்தால், போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

பிறந்த குட்டியைத் தாயே தின்னும். கப்பிக்குத் தன் பிள்ளை, அடுத்தவர் பிள்ளை என்ற கணக்கே கிடையாது. வாய்க்குள் நுழைவது எல்லாம் இரை.

[காட்சி: மழை முடிந்த குளம். நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் திரள்.]

இதைச் சொன்னால் எல்லா மீனும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். நம் குளத்து விராலைப் பாருங்கள். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் திரளாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்கும். அடியில் பெற்றவை காவலுக்கு நிற்கும். தூண்டில்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். திரளைக் கண்ட இடத்தில் தூண்டிலைப் போட்டால் காவலுக்கு நிற்கும் பெரிய விரால் மாட்டிக்கொள்ளும். எனக்கு இது பிடிக்கவில்லை. குஞ்சு வளரும்வரை பொறுத்தால் என்ன?

சரி, கப்பிக்கு வருவோம். குட்டிகளை டீ வடிகட்டியால் அள்ளித் தனிப் பெட்டியில் விட்டேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த தண்ணீர். தீனிக்கு ஆர்டீமியா. உப்பு நீரில் வாழும் இந்தப் பொடி உயிர் தூத்துக்குடி உப்பளங்களிலேயே இருக்கிறது. முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக் குழாயை விட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். அது கிடைக்காதவர்கள் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி நீரில் பிழியலாம். ஒரு கடுகளவு போதும். மிஞ்சினால் தண்ணீர் அழுகும், குட்டிகள் சாகும்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமே என்று பாளையங்கால்வாயிலிருந்து ஒரு கைப்பிடி பாசியையும் அள்ளிவந்து போட்டேன். அங்கேதான் வந்தது வினை.

[காட்சி: வெள்ளைத் தட்டில் பாசி. அதற்குள் மண் நிறப் பூச்சி ஒன்று மெல்ல நகர்கிறது.]

தட்டானின் குஞ்சு. நாம் சிறு வயதில் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டோமே, அதே தட்டான்தான். பறப்பதற்கு முந்தைய பருவம் முழுவதும் அதற்குத் தண்ணீருக்குள் வாழ்க்கை. தலைக்கு அடியில் மடக்கி வைத்த கீழுதடு; நுனியில் கொக்கி. அசையாமல் கிடக்கும். குட்டி பக்கத்தில் வந்ததும் அந்த உதடு நீண்டு, கவ்வி, திரும்ப மடங்கிவிடும். நான் கைப்பேசியில் படம் எடுத்து வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் முதல் பாதி தெரியவில்லை. இன்னொன்று: இது மூச்சு விடுவது ஆசனவாய் வழியாக. ஆபத்து என்றால் அதே வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ராக்கெட் போல முன்னால் பாயும். சிரிக்காதீர்கள், உண்மை. என் பெட்டியில் இப்படி இரண்டு இருந்தன.

பாசியைக் கழுவினேனே என்று நானும் புலம்பினேன். தட்டானின் ஒல்லியான உறவான ஊசித் தட்டான் பாசியின் தண்டைக் கீறி உள்ளே முட்டையிடும். கழுவி என்ன பயன்? அதனால் பாசியை மூன்று வாரம் தனி வாளியில் போட்டு, அவ்வப்போது வெள்ளைத் தட்டில் உதறிப் பாருங்கள்.

[காட்சி: பெரிய தொட்டி.]

மிஞ்சிய 11-ஐப் பெரிய தொட்டியில் எப்போது விடுவது? "ஆறு வாரம்", "எட்டு வாரம்" என்பார்கள். நாள்காட்டியை விட்டுவிட்டு, தொட்டியில் இருக்கும் பெரிய மீனின் வாயைப் பாருங்கள். குட்டி அந்த வாயைவிடப் பெரிதாக வேண்டும். பெரியவையும் கப்பி என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்த குட்டி தப்பிக்கும். ஏஞ்சல் மீன் இருக்கும் தொட்டியில் வளர்ந்த கப்பியே தப்பாது.

நான் செய்தது இது. முதலில் பெரிய மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி. பிறகு கல்லையும் செடியையும் இடம் மாற்றினேன். பழைய எல்லை தெரியாமல் பெரிய மீன்கள் குழம்பி நிற்கும். குட்டிகள் இருந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அரை மணி நேரம் தொட்டித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்தேன். விளக்கை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டேன். ஒன்று மட்டும் துரத்து வாங்கியது, செடிக்குள் புகுந்துகொண்டது.

குட்டி பெருகி இடம் போதவில்லை என்றால் நண்பருக்குக் கொடுங்கள், ஆற்றில் விட வேண்டாம். தாமிரபரணிக்கென்றே ஒரு கெண்டை இருக்கிறது. 1954-இல் ஆற்றின் பெயரையே அறிவியல் பெயராக வாங்கியது. வீட்டுத் தொட்டி மீன் அதற்குப் போட்டியாக எதற்கு?

அந்தத் தட்டான் குஞ்சுகளை எடுத்த கால்வாயிலேயே கொண்டுபோய் விட்டேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு எண்ணினேன்: 11.