சிலேட்டா, சில்லா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'ஆறு வயதுக்குள் குழந்தைக்கு அதிகம் கற்றுத்தருவது எழுத்துப் பயிற்சியா, விளையாட்டா?' என்ற வழக்கில் விளையாட்டின் பக்கம் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "நூறு வரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு விளையாட்டு புதிதாக என்ன சொல்லிக்கொடுத்துவிடும்?" என்று கேட்டார். அந்த நூறிலிருந்தே தொடங்குகிறேன்.

நான்கு வயதில் நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளையிடம், "ஆறு பெரிசா, எட்டு பெரிசா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். பாட்டாக வந்த எண் இன்னும் அளவாக மனத்தில் ஏறவில்லை. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர்கள் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த அமெரிக்கக் குடும்பங்களின் குழந்தைகள், 1 முதல் 10 வரை நேர்வரிசையில் கட்டம் போட்ட பலகையில் காய் நகர்த்தினார்கள். 15 முதல் 20 நிமிடம் வீதம் நான்கே முறை. எண்களை ஒப்பிடுவதிலும் அடையாளம் காண்பதிலும் முன்னேறினார்கள்; ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்திருந்தது. எண் இல்லாமல் நிறம் மட்டும் தீட்டிய பலகையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை.

இதற்குக் கடைக்குப் போக வேண்டாம். தரையில் சாக்பீஸால் ஒரே வரிசையில் பத்துக் கட்டம் போடுங்கள். ஒரு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் தேய்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை விழுந்தால் 1, கறுப்பு விழுந்தால் 2. பரமபதம் இந்த வயதுக்கு வேண்டாம். வரிசைக்கு வரிசை திசை மாறுவதால், எண் கூடக் கூடக் காய் ஒருமுறை வலம் போகும், ஒருமுறை இடம் போகும், பிள்ளை குழம்பும். பெரியவர்கள் தவறுவது எண்ணும் முறையில்தான். காய் 3இல் நிற்கிறது, 2 விழுந்தது என்றால், "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்துவதில் பயன் குறைவு. "நாலு, அஞ்சு" என்று கட்டத்திலுள்ள எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும்.

ஐந்து வயதில் பல்லாங்குழி. எடுத்த எடுப்பில் 14 குழி, குழிக்கு 5 முத்து என்று முழு ஆட்டத்தையும் திணிக்காதீர்கள். ஒரு பக்கத்து 7 குழி, குழிக்கு 2 முத்து போதும். அள்ளிய பிறகு, "கடைசி முத்து எங்கே விழும்?" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். ஒரே குழியில் இரண்டு விழுந்துவிட்டால் கையைப் பிடித்துத் திருத்த வேண்டாம். உங்கள் முறை வரும்போது ஓசை கேட்க ஒவ்வொன்றாகப் போடுங்கள், பிள்ளையே பிடித்துக்கொள்ளும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை பக்கத்தில் இருந்தால் கொட்டையையே வெளியில் எடுக்காதீர்கள். மூக்கில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கும்.

அடுத்து, எழுதும் கை. பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் குருத்தெலும்புதான். அவை முற்றி எலும்பாகும் வேலை ஆறு வயதிலும் முடிந்துவிடுவதில்லை. அந்தக் கையிடம் நான்கு பக்கம் எழுதக் கேட்டால், பிள்ளை பென்சிலை முஷ்டியாக இறுக்கித் தோளை அசைத்து எழுதும். பழகிப்போன பிடியை மாற்றுவது பெரும்பாடு. களிமண் பிசைவதும் ஈரத்துணி பிழிவதும் இரண்டு விரலால் கோலமாவு எடுப்பதும்தான் பென்சிலுக்கு வேண்டிய வலுவைத் தருகின்றன. க்ரேயானை ஓர் அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். முஷ்டியால் பிடிக்க இடமே இருக்காது.

"விளையாட்டு என்றால் பிள்ளையை அவிழ்த்துவிடுவதா?" என்றும் கேட்டார்கள். ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து எளிதாக்குவதும், ஆட்டத்தின் நடுவே வாயை மூடிக்கொள்வதும் பெரியவர்களின் வேலை. சொப்புச் சாமானோடு கடை வைக்கும் பிள்ளைகளுக்கு, யார் கடைக்காரர் என்று பேசி முடிக்கவே நேரம் போய்விடும். அந்தப் பேரம்தான் பாடம். கால் மணி நேரத்தில் மணியடித்துக் கலைத்தால் கடை திறக்கவே இல்லை என்று பொருள். குறைந்தது முக்கால் மணி நேரம் விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்திருக்க வேண்டும் என்கிறது. நான்கு பக்க வீட்டுப்பாடம் தின்பது அந்த நிமிடங்களைத்தான்.

அப்படியானால் எழுதுவது எப்போது? கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டுமென்று பிள்ளையே வந்து நிற்கும் அன்று. அன்றைக்குச் சாக்பீஸையும் தரையையும் கொடுங்கள். எழுத்து ஒரு முழ உயரம் இருக்கட்டும்.